தேர்வுத் தடுப்பான் மையம்

உங்கள் ஊரில் யாராவது ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். அந்தப் பலகையில் இருந்த தமிழ் என்னுடையது.

திருவண்ணாமலையில் மலையைக் கும்பிடுவார்கள். மலை தெரியாத சந்தில் நின்றால் மலை இருக்கும் பக்கத்தைக் கும்பிடுவார்கள். அது வேறு. பாஞ்சாலை கும்பிட்டது எட்டடித் தகரத்தை.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடிக் காபி குடிக்கும் கடைகள் முடிகிற இடத்தில், உயிர்மூலக்கூறு உயராய்வு நிறுவனம் இருக்கிறது. நான் அங்கே தமிழ் உதவியாளர். என் சொந்த ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். பத்தாவது வரை பள்ளியில் படித்தேன். அதற்குப் பிறகு கையில் கிடைத்ததைப் படித்தேன். நேர்காணலில் ஐந்து பேர் உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டார்கள். 'எனக்குப் புரியவில்லை' என்று தமிழில் சொன்னேன். 'மொழிப்பற்று உள்ளவர்' என்று குறித்துக்கொண்டு வேலை கொடுத்தார்கள்.

தினமும் காலை பத்து மணிக்கு எல்லோரும் முற்றத்தில் நின்று உறுதிமொழி சொல்ல வேண்டும். "தேர்ந்து தடுப்போம்! தடுத்துத் தேர்வோம்!" இதை எழுதியவர் இயக்குநர் டாக்டர் ராஜமாணிக்கம். அர்த்தம் என்ன என்று நான் சேர்ந்த புதிதில் நிர்வாக அலுவலர் சுரேஷ்குமாரிடம் கேட்டேன்.

"சத்தமா சொல்லுங்க முருகவேல், அது போதும்" என்றார்.

அர்த்தத்தைச் சொன்னவர் கவிநிலா. நிறுவனத்தில் வேதியியல் தெரிந்து வேதியியல் வேலையும் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"அண்ணா, பௌர்ணமிக்கு பந்தோபஸ்து போடுவாங்கல்ல, அத நெனச்சிக்கோங்க. நம்ம ரத்தத்துல டி செல்னு ஒண்ணு இருக்கு. அது கான்ஸ்டபிள். புற்றுநோய் செல்லைப் பாத்தா புடிக்கறது அதோட டூட்டி. ஆனா அதுக்குள்ளயே ஒரு இன்ஸ்பெக்டர் உக்காந்துகிட்டு, 'போதும் விடுய்யா, விடுய்யா'ன்னு அடக்கிக்கிட்டே இருப்பாரு. அவர்தான் நாங்க தேடற கைனேஸ்."

"அவர் வாயைப் பொத்துறதுதான் மருந்தா?"

"அவர் வாயை மட்டும் பொத்தணும். அங்கதான் தலைவலி. உடம்புல ஐந்நூறு கைனேஸுக்கு மேல இருக்கு. எல்லாருக்கும் ஒரே காக்கி, ஒரே தொப்பி. 'போய் புடி'ன்னு ஆர்டர் போடற இன்ஸ்பெக்டரும் பாக்க அதே மாதிரிதான் இருப்பாரு. தப்பா அவர் வாயையும் பொத்திட்டா கான்ஸ்டபிள் நின்ன இடத்துலயே நிப்பாரு. ஒருத்தர தடுக்கணும், பக்கத்துல நிக்கறவர தொடக்கூடாது. அதான் செலக்டிவ்."

அவர் மூன்று வருடங்களில் பதினேழு மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்திருந்தார். ஒன்றையாவது குடுவையில் செய்து பார்க்க அனுமதி கேட்ட கோப்பு பதினோரு குழுக்களில் கிடந்தது. ஒன்றை மட்டும் தடுத்து மற்றதையெல்லாம் விட்டுவிடும் பொருளைத் தேடிய அந்தக் கட்டடத்தில், ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் தடுத்தார்கள்.

பிப்ரவரியில் புதுப் பிரிவுக்குப் பெயர்ப்பலகை வைக்க முடிவானது. ஆங்கிலப் பெயரைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன்: 'புற்றுநோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சைக்கான தேர்வுக் கைனேஸ் தடுப்பான் வடிவமைப்பு மையம்.'

பெயர்சூட்டுக் குழு கூடியது. பலகை எட்டடி, பெயர் பதினான்கடி. 'கைனேஸ்' தமிழ் இல்லை என்று எடுத்தார்கள். 'சிகிச்சை' வடமொழி என்று எடுத்தார்கள். அதோடு 'எதிர்ப்பாற்றல்' தனியாக நிற்க முடியாமல் போனது. மலையைப் பார்த்த வாசலில் 'புற்றுநோய்' என்று எழுதுவது நல்லதல்ல என்றார் இயக்குநர். 'வடிவமைப்பு' இடம் கொள்ளவில்லை. மீதி இருந்ததை மாட்டினார்கள்.

தேர்வுத் தடுப்பான் மையம்.

பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. முதலில் பிளஸ் டூ மாணவிகள் நான்கு பேர் கேட்டுக்கு வந்தார்கள். கேட்டை ஒட்டிய தமிழ்ப் பிரிவில் நான்தான் இருப்பேன்.

"சார், எல்லா பரீட்சையும் வேணாம் சார். கணக்கை மட்டும் நிறுத்துங்க. மத்ததெல்லாம் நாங்களே எழுதிக்கறோம்."

"பக்கத்துல இருக்கிற பிசிக்ஸை தொடாதீங்க சார், அதுக்குப் படிச்சிட்டோம்" என்றாள் இன்னொருத்தி.

கவிநிலாவுக்கு அடுத்து எங்கள் ஆராய்ச்சியின் தத்துவத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான்.

அடுத்த வாரம் டுடோரியல் காலேஜ் நடத்துபவர்கள் கூட்டமாக வந்து சத்தம் போட்டார்கள். கல்வி அலுவலகத்திலிருந்து, எந்த ஆணையின் பேரில் தேர்வைத் தடுக்கிறீர்கள் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பலகையில் பிழை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆனால் நிறுவனத்தில் பிழை என்ற சொல்லைப் பயன்படுத்த இயக்குநர் குழுவின் ஒப்புதல் வேண்டும். மூன்று குழுக்கள் சேர்ந்து பதில் தயாரித்தன: 'தேர்வைத் தடுக்கும் தொழில்நுட்பம் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. இவ்வாண்டுத் தேர்வுகளுக்குப் பாதிப்பு இராது.' தட்டச்சு செய்தவன் நான். சந்திப்பிழை இல்லாமல் செய்தேன்.

ஏப்ரலில் பலகையை மாற்ற வேறொரு குழு அமைத்தார்கள். 'தேர்வு' என்ற சொல்லே இனி வேண்டாம் என்று முதல் கூட்டத்தில் தீர்மானம். 'தேர்ந்த' என்றால் பரவாயில்லை என்று நான்காவது கூட்டத்தில் தீர்மானம். புற்றுநோய் என்று போட்டால்தான் பெரிய மனிதர்கள் பார்வையிட வருவார்கள் என்று யாரோ சொன்னதால், மலைக்கு எதிரே அந்தச் சொல் இருக்கலாம் என்று ஆறாவது கூட்டத்தில் தீர்மானம். நான் 'தேர்ந்த புற்றுநோய் மருந்து வடிவமைப்பு மையம்' என்று எழுதிக் கொடுத்தேன். பலகை அதே எட்டடி. சரிபார்ப்புப் படி என் மேசைக்கு வந்தபோது ஒரு சொல் குறைந்திருந்தது.

தேர்ந்த புற்றுநோய் மருந்து மையம்.

கவிநிலா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அண்ணா, வடிவமைப்புங்கற வார்த்த எங்க? இத படிக்கறவங்க உள்ள மருந்து இருக்குன்னுதான் நெனைப்பாங்க."

எனக்குத் தெரியும். சுரேஷ்குமார் பேனாவை நீட்டிக்கொண்டு மேசையருகே நின்றுகொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் வேறு பதில் இல்லை. அவர் நின்றுகொண்டிருந்தார்.

பலகை மாட்டிய மூன்றாம் நாள் பாஞ்சாலை வந்தார். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் வேகவைத்த கடலை விற்பவர். ரோட்டில் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார். பிறகு என் ஜன்னலுக்கு வந்தார்.

"இன்னா சார், கேன்சருக்கு மருந்து வந்துடுச்சாமே? போர்டுலயே போட்டுக்கீது."

கணவர் மூர்த்திக்கு நுரையீரலில் புற்றுநோய். கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை வேலூருக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். "ஏத்திக்கினு வந்தா நாலு நாளு வாந்தி சார். ஆனா இருமல் கம்மியாத்தான் கீது."

உள்ளே மருந்து இல்லை, கம்ப்யூட்டர்தான் இருக்கிறது, வேலூரை விடாதீர்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். வருகையாளர்களுக்கு வாய்மொழியாகத் தகவல் தரக்கூடாது என்று சுற்றறிக்கை இருந்தது. அதையும் தமிழாக்கியவன் நான்தான்.

"எழுதிக் கொடுங்க" என்றேன்.

"படிக்கத்தான் கொஞ்சம் வரும். எழுத வராதே."

நானே எழுதினேன். மூர்த்தி எப்படி இருமுவார், எந்தப் பக்கம் சாய்ந்தால் தூக்கம் வரும், எந்தெந்தக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டினார் என்று கேட்டுக் கேட்டு மூன்று பக்கம் எழுதினேன். படித்துக் காட்டினேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"எங்க வூட்டுக்காரர பத்தி யாரும் இப்பிடி சொன்னதே இல்ல தம்பி."

சார் தம்பியாகிவிட்டது. இந்த ஊருக்கு வந்து ஆறு வருடத்தில் நான் எழுதியதை யாரும் காது கொடுத்துக் கேட்டதில்லை. அறையில் எழுதி அறையிலேயே அடுக்கி வைத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது: அவர் மறுபடி வர வேண்டும் என்று நினைத்தேன்.

வந்தார். வாரத்துக்கு ஒரு மனு. வரும்போது ஒரு பொட்டலம் கடலை. அதை அவர் மல்லாட்டை என்பார். எங்கள் ஊரில் அப்படிச் சொல்வதில்லை என்றேன். "உங்க ஊருல பேரு வேறன்னா ருசியும் வேறயா?" என்று சிரித்தார். ஒவ்வொரு மனுவும் முந்தினதைவிட நன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: 'தங்கள் மனு தேர்வுக்குழுவின் பரிசீலனையில் உள்ளது.'

தேர்வுக்குழு என்பது நாற்காலிகளுக்கு உறை நிறம் தேர்ந்தெடுப்பதற்காகப் போட்ட குழு. வேறு எந்தக் குழுவும் மனுக்களை வாங்காததால் அங்கே போயின.

"தேர்வுக்குழுன்னா, எங்க வூட்டுக்காரர தேர்வு பண்ணுவாங்களா தம்பி?"

"பார்த்துக்கிட்டு இருக்காங்கக்கா."

ஜூன் முதல் வாரம் அவர் சாதாரணமாகச் சொன்னார்: "வேலூருக்கு இந்த தபா போவல தம்பி. இங்க புது மருந்து குடுக்கறப்ப, பழசு உடம்புல இருந்தா ஒத்துக்காது இல்ல?"

கடலைப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். "யார் சொன்னாங்க அப்படி?"

"யாரும் சொல்லல. நானாத்தான் ரோசன பண்ணேன். இருமல்தான் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு."

"அடுத்த தேதி என்னைக்கு?"

"பதினெட்டு. புதன்கெழம."

"அதுக்குக் கண்டிப்பா போயிடுங்கக்கா."

"ஏன், இங்க லேட்டாவுமா?"

"ஆமா, கொஞ்சம் லேட்டாகும்" என்றேன். கொஞ்சம் என்றேன். கவிநிலா என்னிடம் சொல்லியிருந்தது, எல்லாம் நல்லபடி நடந்தாலும் பத்து வருடம்.

அதற்கு மறுநாள் சுரேஷ்குமார் என்னைக் கூப்பிட்டார். அவர் மேசையில் என் ஐந்து மனுக்களும் இருந்தன.

"பலகைத் திறப்பு விழா வெக்கறோம். டைரக்டர் ஒரு பயனாளி வேணும்னு கேக்கறார். பயனாளி இல்லாத விழாவ போட்டோ எடுத்தா நல்லா இருக்காதாம். இந்த அம்மா மனு படிச்சேன்யா. ரொம்ப உருக்கம். யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"பிரமாதம். இவங்களையே வரச் சொல்லுங்க. பதினெட்டாந்தேதி."

"சார், அன்னைக்கு அவங்க வீட்டுக்காரருக்கு வேலூர்ல தேதி."

"வேலூர் எங்கயும் போயிடாது முருகவேல். டைரக்டர் வெளிநாடு போறார்."

நான் எழுதியதை ஒருவர் பிரமாதம் என்றார். அதுதான் அப்போது காதில் நின்றது. இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. போன் செய்தேன்.

"அக்கா, பதினெட்டாந்தேதி விழாவாம். நீங்க மேடைக்கு வரணுமாம்."

அந்தப் பக்கம் கூடையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "தேர்வாயிட்டாரா தம்பி?"

"ஆமாக்கா" என்றேன். "தேர்வுக்குழு தேர்வு பண்ணிட்டாங்க."

அது பொய் இல்லை. அந்தக் குழு பாஞ்சாலையைப் பயனாளியாகத் தேர்வு செய்து குறிப்பு எழுதியிருந்தது, நாற்காலி உறைக்கு நீல நிறத்தையும் அதே தாளில்.

பதினெட்டாம் தேதி, ஒன்றரை மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்த பலகையைத் திறப்பதற்காகப் பட்டுத் துணியால் மூடினார்கள். பாஞ்சாலை கல்யாணப் புடவை கட்டி வந்திருந்தார். மூர்த்தியை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். நான் மூன்று பக்கங்களில் எழுதியதைவிட ஒல்லியாக இருந்தார். முன்வரிசையில் நீல உறை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, இருமல் வெளியே கேட்காமல் இருக்கத் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தார். கவிநிலாவுக்குக் கடைசி வரிசையில் இடம்.

இயக்குநர் பேசினார்.

"பெரியோர்களே! உலகத்துல எத்தனையோ பேர் அவசரப்பட்டு மருந்து கண்டுபிடிச்சுட்டு, அப்புறம் பக்கவிளைவு வந்துடுச்சேன்னு முழிக்கறாங்க. நம்ம நிறுவனத்து மருந்தால இந்தப் பதினாலு வருஷத்துல ஒருத்தருக்காவது ஒரு தும்மல் வந்திருக்கா? வந்ததில்ல!"

கைதட்டல்.

"தடுக்கக் கூடாதத மருந்து தடுக்கக் கூடாதுன்னு விஞ்ஞானம் சொல்லுது. நான் பெருமையோட சொல்றேன். நம்ம மருந்து இதுவரைக்கும் எதையுமே தடுத்ததில்ல!"

பெரிய கைதட்டல்.

"இளம் விஞ்ஞானிகள் சிலர் சோதனை செஞ்சு பாக்கணும்னு துடிக்கறாங்க. அவங்க ஆர்வத்தப் பாராட்டறேன். ஆனா சோதனை பண்ணா முடிவு வந்துடும். வந்தா அது நல்லதாவும் இருக்கும், கெட்டதாவும் இருக்கும். அப்பேர்ப்பட்ட ஆபத்துல இந்த நிறுவனத்த நான் இருக்கற வரைக்கும் தள்ள மாட்டேன்!"

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஏதோ நல்லது நடக்கிறது என்று மூர்த்தியும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் நான். "முதல் பயனாளி, அடி அண்ணாமலை திருமதி பாஞ்சாலை" என்று மைக்கில் கூப்பிட்டேன். இயக்குநர் சால்வை போட்டு, கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். உள்ளே கவிநிலாவின் பதினேழாவது மூலக்கூறின் பிளாஸ்டிக் மாதிரி. சிவப்பு, நீலம், கறுப்பு உருண்டைகள், நடுவில் வெள்ளைக் குச்சிகள். அது 'போய் புடி' என்கிற இரண்டாவது இன்ஸ்பெக்டர் வாயையும் சேர்த்துப் பொத்துகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்து, கவிநிலா அதை மார்ச்சிலேயே ஒதுக்கியிருந்தார். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று அதை எடுத்துக்கொண்டார்கள்.

பாஞ்சாலை பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பிக் கேட்டார். மைக் என் கையில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, இத்த கரச்சி குடுக்கணுமா? இல்ல, ஒவ்வொரு உருண்டையா முழுங்கணுமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இயக்குநர் சிரிக்கவில்லை. மைக்குக்குக் குனிந்தார். "நல்ல கேள்வி. மக்கள்கிட்ட இருந்து இந்த மாதிரி கேள்விகள் வரணும். இத ஆராய ஒரு குழு போடப்படும்."

பாஞ்சாலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக் என் கையில். தமிழ் என் வேலை. 'இது பொம்மை அக்கா.' மூன்றே சொல்.

"அடுத்ததாக நன்றியுரை" என்றேன்.

விழா முடிந்து கேட்டருகே கவிநிலாதான் அவர்களை நிறுத்தினார். "அக்கா, இது மருந்து இல்லக்கா. வெறும் பிளாஸ்டிக்கு. மருந்து இன்னும் வரல, எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாது. வேலூர் மருந்துதான் நெஜம். விடாதீங்க. நாளைக்கே கெளம்புங்க."

மூர்த்தி துண்டை வாயிலிருந்து எடுத்து இருமினார். நெடுநேரம் இருமினார். பாஞ்சாலை பலகையை அண்ணாந்து பார்த்தார். மறுபடி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்த போர்டு நீங்க எழுதினதா சார்?"

"ஆமா."

"உள்ள மருந்து இல்லன்னு உங்களுக்கு தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல்லேர்ந்தே."

"அப்ப அத்தினி மனு எதுக்கு சார் எழுதினீங்க?"

அவர் கண்ணாடிப் பெட்டியை என் ஜன்னல் கட்டையில் வைத்தார். சால்வையைக் கழற்றி நான்காக மடித்து அதன் மேல் வைத்தார். மூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போனார்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர்கள் ஆறு மணி வேலூர் பஸ்ஸில் இருந்தார்கள். மூர்த்தி ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்தார். பாஞ்சாலை என்னைப் பார்த்தார், பிறகு முன்னால் பார்த்தார். பஸ் புறப்பட்டது. பத்து மணிக்கு நிறுவனத்தில் உறுதிமொழி சொன்னேன். பத்தேகாலுக்கு சுரேஷ்குமார் ஒரு தாளைக் கொண்டுவந்தார். உருண்டைகளைக் கரைப்பதா விழுங்குவதா என்று ஆராயும் குழுவில் என்னையும் உறுப்பினராகப் போட்டிருந்தார்கள். அவர் பேனாவை நீட்டினார். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.